மேடைக்கு முதல் படலை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் விசுவமடுவில் இருக்கும் ஓடாவி. 2010 க்குப் பிறகு மீள்குடியேறிய வீடுகளுக்கு நிலையும் கதவும் ஜன்னலும் செய்துதான் எங்கள் குடும்பம் மறுபடி நிமிர்ந்தது. இப்போது சில வருடங்களாக வேறொரு வேலைக்கும் கூப்பிடுகிறார்கள். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளுக்காக வளவுக்குள் நீச்சல் தொட்டி வைக்கிறார்கள். நிலத்தைக் கிண்டிக் கட்டுவதல்ல இது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் தடித்த பிளாஸ்ரிக் சீலையைக் கொழுவி, நிலத்துக்கு மேலேயே நிறுத்துகிற வட்டத் தொட்டி. அதைச் சுற்றி நின்று இறங்க, கதிரை போட்டு இருக்க, ஒரு பலகை மேடை அடித்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். பல வீடுகளில் ஓடாவியைக் கூப்பிடுவதே இல்லை. தொலைபேசியில் வீடியோவைப் பார்த்துவிட்டுத் தாங்களே அடிக்கிறார்கள்.

தாங்களே அடிப்பதை நான் பிழை சொல்லவில்லை. வன்னியில் கொட்டில் போடவும் வேலி அடைக்கவும் தெரியாதவர் குறைவு. வாள், சுத்தியல், ரசமட்டம் மூன்றும் இருந்து, அளவைத் திருப்பிப் பார்க்கிற பொறுமையும் இருந்தால் யாரும் நல்ல மேடை அடிக்கலாம். ஆனால் நான் போய்ப் பார்த்த மேடைகளில் அநேகமானவற்றில் ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தத் தொட்டிகளின் சுவர் சாதாரணமாக 4 அடி உயரம், சிலது 4½ அடி வரை வரும். மூன்று வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் அதற்குத் தண்ணீரே தெரியாது. பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நிற்கிற வேலி அந்தச் சுவர்தான். தொட்டியோடு வருகிற ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டால், பெரியவர்கள் இல்லாத நேரம் சின்னதுகள் ஏற வழியில்லை. அமெரிக்காவில் நுகர்வோர் பாதுகாப்புக்குப் பொறுப்பான அரச ஆணைக்குழு வெளியிட்ட வழிகாட்டியும் இதையே சொல்கிறது: பாவிக்காத நேரம் ஏணியை அகற்ற வேண்டும், இல்லையென்றால் பூட்டி வைக்க வேண்டும். சரி, இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? அதே தொட்டிக்குப் பக்கத்தில், விளிம்பு மட்டத்துக்கு வடிவான மேடை அடித்து, கால் நோகாத அகலமான படிக்கட்டும் வைத்துக் கொடுக்கிறோம். கடைசிப் படியில் ஆணி இறங்கிய உடனேயே அந்த வேலி இல்லாமல் போய்விடுகிறது. தவழுகிற பிள்ளைகூடப் படியேறித் தண்ணீரின் ஓரத்துக்கு வந்துவிடும். ஏணியைத் தூக்கி உள்ளே வைக்கலாம். படிக்கட்டை என்ன செய்வது?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டுக்கு ஜன்னல் பூட்டப் போயிருந்தபோது இதை என் கண்ணாலேயே கண்டேன். வீடு நிறையச் சனம். குசினியில் சமையல், முற்றத்தில் பெரியவர்களின் கதை. எல்லோரும் இருக்கிறார்கள் என்பதாலேயே ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டரை வயது மதிக்கத்தக்க பிள்ளை ஒன்று கையில் பிளாஸ்ரிக் கோப்பையோடு மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தது. தண்ணீர் அள்ளப் போகிறது. நான் கூப்பிட்ட சத்தத்துக்குச் சித்திக்காரி ஓடிப்போய்ப் பின் சட்டையில் பிடித்தாள். பிள்ளை அழக்கூட இல்லை, ஏன் பிடித்தார்கள் என்று விளங்காமல் பார்த்தது. தண்ணீரில் விழுகிற பிள்ளை கத்தும், கையைக் காலை அடிக்கும், எங்களுக்குக் கேட்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூச்சுக்கே வழியில்லாத வாயிலிருந்து சத்தம் எப்படி வரும்? நாலைந்து நிமிடம் மூச்சில்லாமல் போனாலே மூளை பாதிக்கத் தொடங்கிவிடும். இவ்வளவு இழப்பைக் கண்ட மண்ணில், விளையாட வாங்கிக் கொடுத்த தொட்டிக்கு ஒரு பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.

ஆகவே மேடைப் படிக்கட்டுக்குப் படலை வேண்டும். மாடு நுழையாதபடி படலை கட்டப் பரம்பரையாகத் தெரிந்தவர்கள் நாங்கள், ஆனால் இந்தப் படலைக்குச் சில முறைகள் இருக்கின்றன. உயரம் 4 அடிக்குக் குறையக் கூடாது. தண்ணீர்ப் பக்கம் தள்ளித் திறக்காமல், வெளிப்பக்கம் இழுத்துத் திறக்க வேண்டும். அப்படி இருந்தால் பிள்ளை சாய்ந்து தள்ளினாலும் அது மூடத்தான் செய்யும். கையை விட்டதும் தானாகச் சாத்துகிற ஸ்பிறிங் பிணைச்சல் போட வேண்டும், சாத்தியதும் தானாக விழுகிற கொண்டியும் வேண்டும். கொண்டியைத் தண்ணீர்ப் பக்கமாக, பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் வையுங்கள். அந்த அமெரிக்க வழிகாட்டி 54 அங்குலம் என்கிறது, அதாவது 4½ அடி. அதற்காகப் படலைத் தூணை மட்டும் கொஞ்சம் உயர்த்தி விடலாம். நிமிர்ந்த சட்டங்களுக்கு இடையில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது, சின்னப் பிள்ளை உடம்பை நுழைத்துவிடும். குறுக்குச் சட்டம் உள்பக்கம் வரட்டும். வெளிப்பக்கம் வந்தால் அதுவே கால் வைத்து ஏறப் படியாகிவிடும்.

மேடையின் வெளி ஓரங்களுக்கும் கைபிடி வேண்டும், 3 அடிக்குக் குறையாமல். நாலடி உயரத்திலிருந்து ஈரக்காலோடு வழுக்கி விழுந்தால் வளர்ந்தவர்களுக்கே எலும்பு முறியும். கைபிடி அடித்து முடிந்ததும் ஒருதரம் நிலத்தில் குந்தியிருந்து, பிள்ளையின் உயரத்தில் சுற்றிப் பாருங்கள். மேடையோரம் சாய்த்து வைத்த விறகு, கவிழ்த்த உரல், மோட்டர்ப் பெட்டி, பிளாஸ்ரிக் கதிரை எல்லாமே ஏணிதான். மோட்டரும் வடிகட்டியும் தொட்டிச் சுவரோடு ஒட்டி இருந்தால், அதில் ஒரு கால் வைத்து அடுத்த கால் உள்ளே போய்விடும். அவற்றைத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது, மேடை எதில் நிற்கிறது என்பது. இதிலும் வீடியோ பார்த்துச் செய்கிறவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தொட்டியின் விளிம்பு இரும்புதானே, தாங்கும்தானே என்று பலகையின் ஒரு நுனியை அதன் மேல் ஏற்றிவிடுகிறார்கள். தூண் மிச்சம், மரம் மிச்சம் என்ற கணக்கு. அந்த விளிம்பு தண்ணீரின் தள்ளலை வெளிப்பக்கம் பிடித்து வைக்கச் செய்தது. மேலிருந்து ஆட்கள் ஏறி மிதிக்கச் செய்ததல்ல. 15 அடி விட்டமான தொட்டியில் 3½ அடிக்குத் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 17,500 லீற்றர், பதினேழரைத் தொன். பாரத்தை நிலம் தாங்கினாலும், அவ்வளவு தண்ணீரின் பக்கத் தள்ளலை ஒரு சீலையும் சில இரும்புக் கால்களும்தான் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. எங்கள் அயலில் ஒரு வீட்டில் மாரி மழைக்கு மேடைத் தூண்கள் ஒரு பக்கம் இறங்கின. பலகைகள் விளிம்பை இழுத்து வளைத்தன. விடியப்புறம் தொட்டி வெடித்து, தண்ணீர் மாட்டுக் கொட்டிலுக்கூடாகப் பாய்ந்து மதில் ஓரத்தையும் அரித்துக்கொண்டு போனது. எல்லோரும் படுத்திருந்த நேரம் என்பதால் ஒருவருக்கும் காயமில்லை. அதே வெடிப்பு பின்னேரம் நடந்திருந்தால் யார் யார் தண்ணீருக்குள் நின்றிருப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மேடை தன் கால்களில்தான் நிற்க வேண்டும். தொட்டியில் ஒரு ஆணிகூடப் படக் கூடாது. பலகை நுனிக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு விரல் அளவு இடைவெளி விடுங்கள். வெயிலுக்கும் தண்ணீர் நிரப்புவதற்கும் தொட்டி அசையும், மேடை வேறு விதமாக அசையும், ஒன்றையொன்று உரசக் கூடாது. அதற்கு மேல் அகலமாக விட்டால் பிள்ளைகளின் கால்விரல் மாட்டும். மேடை மட்டம் விளிம்பைவிட ஓரிரு அங்குலம் தாழ்ந்திருப்பது நல்லது. சீலை எப்போதோ ஒருநாள் மாற்ற வேண்டி வரும், அன்றைக்கு விளிம்பைக் கழற்ற இடம் வேண்டுமே.

வீடியோக்களில் தூணுக்கு நாலடிக் குழி தோண்டுவதைப் பார்த்துவிட்டு ஏனென்று என்னிடம் கேட்கிறார்கள். ரொறன்ரோப் பக்கம் குளிர்காலத்தில் நிலம் அந்த ஆழத்துக்கு உறையும், உறைந்த மண் தூணை மேலே தூக்கும். அதற்குக் கீழே அத்திவாரம் போனால்தான் அங்கே தப்பும். இங்கே நிலம் உறைவதில்லை. எங்களுக்கு இருப்பது ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை. 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வந்த வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, இறுகிக் கிடந்த மண் எப்படி இளகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே ஆழத்தின் அளவை அங்கிருந்து எடுக்காதீர்கள், உங்கள் நிலத்தைப் பாருங்கள். மேல்மண் தாண்டி இறுகிய மண் வரும்வரை தோண்டுங்கள். செம்மண் நிலத்தில் இரண்டடி போதும். முருங்கன் பக்கத்துக் கறுத்தக் களிமண்ணில் இன்னும் ஆழம் போக வேண்டும், அது கோடையில் வெடித்து மாரியில் ஊதுகிற மண். கரையோர மணலில் குழியின் அடியை அகலமாக்குங்கள். நிரப்பிய மண்ணுக்கு மேலும் மலக்குழி மூடிக்கு மேலும் தூணோ தொட்டியோ வைக்கவே வேண்டாம். தொட்டிக்கு மட்டம் செய்யும்போது மேட்டை வெட்டி மட்டம் எடுக்க வேண்டும். பள்ளத்தை மண் போட்டு நிரப்பினால் அந்தப் பக்கம் பிறகு அமரும்.

தூண் மரத்தை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். எங்கள் பக்கத்துக் கறையானுக்கு அது விருந்து. குழிக்குள் கொங்கிறீற் போட்டு, நிலத்துக்கு மேல் அரை அடி கட்டையாக உயர்த்தி, அதில் இரும்புக் கவை பதித்து, கவைக்குள் தூணை வைத்துப் போல்ற் போடுங்கள். 4 க்கு 4 அங்குலத் தூண், ஆறடிக்கு மேல் இடைவெளி வேண்டாம். தூணின் மேல் 6 க்கு 2 அங்குலத் தீராந்தி இரண்டிரண்டாகச் சேர்த்து, அதன் மேல் 16 அங்குலத்துக்கு ஒன்றாக 6 க்கு 2 குறுக்குச் சட்டம், பிறகு பலகை. மழைத் தண்ணீர் வடியப் பலகைகளுக்கு இடையில் சின்ன இடைவெளி. தூண்களுக்கு நடுவே சாய்வுச் சட்டம் போட மறக்கிறவர்கள் அநேகம். தனியே நிற்கிற மேடை கீழ்நோக்கித் தாங்கினாலும், பிள்ளைகள் துள்ளும்போது பக்கவாட்டில் ஆடும், அந்த ஆட்டம் போல்ற்றுகளை இளக்கும். வட அமெரிக்கக் கட்டட விதிகளில் வீட்டு மேடை ஒரு சதுர அடிக்கு 40 இறாத்தல் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. 10 க்கு 8 அடி மேடைக்கு அது 3,200 இறாத்தல், ஏறக்குறைய 1,450 கிலோ. பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது முழுச் சனமும் படம் எடுக்க ஒரே ஓரத்தில் நெருக்கி நிற்கும். அந்த நேரத்துக்குத்தான் இந்தக் கணக்கு.

மரத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது, சுருக்கமாகச் சொல்கிறேன். பாலையும் முதிரையும் வெயில் மழைக்கு நிற்கும். ஆனால் காட்டில் களவாக வெட்டி இரவில் வருகிற குற்றி மலிவு என்று வாங்காதீர்கள். அந்த மரங்கள் வளர எத்தனை காலம் எடுக்கும் என்பதை அதை வெட்டுகிறவன் யோசிப்பதில்லை, நாங்களாவது யோசிக்க வேண்டும். அனுமதிப் பத்திரத்தோடு வருகிற தேக்கு, இல்லாவிட்டால் சொந்த வளவில் நிற்கிற முற்றின வேம்பு போதும். பனை கூரைக்குக் கீழே தலைமுறை தாண்டி நிற்கிற மரம். ஆனால் அறுத்த பனையின் உட்பக்கம் மென்மையானது, தண்ணீர் தெறிக்கிற இடத்தில் அது ஊறி உக்கும். வைரம் பாய்ந்த வெளிப்பக்கத்தை மட்டும் சீவி எடுத்துக் கைபிடிக்குப் பாவிக்கலாம், சிராய் இல்லாமல் நன்றாக இழைத்தால். ஆணிக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத திருகாணி போடுங்கள். குளோரின் கலந்த தண்ணீர் சாதாரண இரும்பைத் தின்றுவிடும். திருகாணி என்றால் ஒரு பலகையைக் கழற்றிக் கீழே பார்க்கவும் முடியும். கழிவு ஒயில் பூசுகிற பழைய வழக்கம் இந்த மேடைக்கு வேண்டாம், பிள்ளைகளின் காலில் ஒட்டித் தண்ணீருக்குள் போகும்.

மேடைக்குக் கீழே பழைய தகரம், ஓடு, சிரட்டை ஒன்றும் அடுக்காதீர்கள். குளிர்ச்சியும் இருட்டும் இருந்தால் விரியன் வந்து குடியிருக்கும், சிரட்டையில் தேங்கிய தண்ணீரில் நுளம்பு பெருகும். தொட்டித் தண்ணீரும் அப்படித்தான். விருந்தாளிகள் விமானம் ஏறிய பிறகு மூடாமல், மருந்து போடாமல் விட்டால் ஒரு கிழமை பத்து நாளில் அது டெங்கு நுளம்பின் பண்ணை. 2007 ஆம் ஆண்டின் நுளம்பு உற்பத்தித் தடுப்புச் சட்டம் வீட்டு வளவுக்கும் பொருந்தும். குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டால் மணம் போய்விடும், பிறகு தென்னைக்கும் பூவரசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துவிடலாம். ஆவணியில் அயலவரின் கிணறு அடி தட்டுகிற நேரம் 17,500 லீற்றரை ஒரே நாளில் இறைப்பதையும் யோசியுங்கள். சின்னத் தொட்டியிலும் பிள்ளைகள் சந்தோஷமாகத்தான் குளிக்கிறார்கள்.

மோட்டருக்கு மின்சாரம் கொண்டுபோகிற விதம் எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஜன்னலுக்கூடாக எடுத்த வயர், நடுவில் ஒட்டு, ஒட்டுக்கு மேல் ரேப், அதற்கு மேல் ஈரப் புல். 230 வோல்ற் அது. மின்சார வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, ஒழுக்கு மின்சாரம் 30 மில்லி அம்பியரைத் தாண்டினால் விழுகிற ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு தண்ணீர் நிரப்புங்கள். பிள்ளைகள் குளிக்கும்போது மோட்டரை நிறுத்தி, பிளக்கையும் கழற்றி வையுங்கள்.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். தண்ணீரில் விழுந்த பிள்ளையைத் தூக்கியதும் காலில் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுகிற வழக்கம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கப் பார்ப்பார்கள். அதில் உயிர் காக்கிற நேரம்தான் போகும். மூச்சு இல்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்து, நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். இன்னொருவர் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், அம்புலன்ஸ் இலவசமாக வரும். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கம் முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறது. தொட்டி வாங்குகிற வீட்டில் ஒருவராவது அதைப் பழகி இருக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கைச்சிமாருக்கும்: நீங்கள் இருக்கும் ஊர்கள் பலவற்றில் தொட்டி வைத்தால் வேலி போட வேண்டும் என்று நகரசபை சொல்லும், நீங்களும் மறுபேச்சில்லாமல் போடுவீர்கள். இங்கே கேட்க ஆளில்லை என்பதற்காக அதே பிள்ளையை வேலியில்லாத தண்ணீருக்குப் பக்கத்தில் விடாதீர்கள். அப்பு ஆச்சி பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பி விடவும் வேண்டாம். எழுபது வயது முழங்காலால் மூன்று வயதுக் காலைத் துரத்திப் பிடிக்க முடியாது. மேடைக்குக் காசு அனுப்பும்போது முதலில் படலையின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பிறகு மிச்சக் காசை அனுப்புங்கள். எங்கள் பிரதேச சபைகள் மதிலுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி கொடுக்கும்போது இந்தத் தொட்டிகளையும் மேடைகளையும் ஒரு கண் பார்க்கலாம். வேலியும் படலையும் கட்டாயம் என்று ஒரு வரி எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டினாலே பாதிப்பேர் கேட்பார்கள்.

என்னோடு தொழில் செய்கிற ஓடாவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். படலை இல்லாமல் மேடை மட்டும் போதும் என்று கேட்டால் வேலையை எடுக்காதீர்கள். வீட்டுக்காரர் செலவைச் சொல்லித் தயங்கினால், மரத்துக்கும் பிணைச்சலுக்கும் கொண்டிக்கும் மட்டும் காசு வாங்குங்கள். நான் இப்போது படலை வேலைக்குக் கூலி எடுப்பதில்லை. மேடைக்குப் பலகை அடிக்க முதலே படலையைத் தூணில் பூட்டி, சாத்தித் திறந்து காட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்குகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஓடாவி,
விசுவமடு.